கார்ப்பெட்டில் பிடிப்பு அதிகம்

எனக்கு விளையாட்டுக் கார்களில் பெரிய ஆர்வம் கிடையாது, மாதவன் சார். இன்றைக்கும் ரிமோட்டைக் கையில் கொடுத்தால் இரண்டாவது வளைவிலேயே சுவரில் கொண்டுபோய் மோதிவிடுவேன். ஒரு பொருள் ஏன் சரியாக வேலை செய்யவில்லை என்பதில்தான் என் ஆர்வமெல்லாம். மாலை வகுப்பில் அதை எனக்குள் ஏற்றிவிட்டது நீங்கள். அதனால் உங்களிடம் சொல்வதே முறை என்று தோன்றியது.

எங்கள் கம்பெனியில் நடந்த விபத்தைப் பற்றி நான் எழுதிய காரண ஆய்வை வகுப்பில் வாசித்துக் காட்டினீர்கள். "பழியை ஆள் மேல் போடாமல் முறையின் மேல் போட்டிருக்கிறான் பாருங்கள்" என்று பாராட்டினீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரு உறுத்தல். ஒவ்வொரு பதிலுக்கும் கீழே மறுபடி ஏன் என்று கேட்டு, இனிக் கேட்க ஏன் இல்லை என்ற இடம் வரை போகவேண்டும் என்பது உங்கள் பாடம். நான் ஒரு ஏன் முன்பாகவே நின்றுவிட்டேன். அரைகுறை ஆய்வுக்கு வாங்கிய கைதட்டல் அது. அதை நிறைவு செய்யத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் துணி செக்கிங்கில் இருப்பது உங்களுக்குத் தெரியும். சாயம் முடிந்து வரும் பனியன் துணியை விளக்கு மேசையின் மேல் ஓடவிட்டு, ஓட்டை, ஊசிக் கோடு, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. மற்றவர்கள் கண்ணில் படாத கறை என் கண்ணில் படும். பட்ட பிறகும் அது கறைதானா, என் கண்ணின் கோளாறா என்று சந்தேகம் வரும். நீங்கள் நாட்குறிப்பு எழுதச் சொன்ன பிறகு அந்தச் சந்தேகங்களை எழுதிவைக்கப் பழகினேன். எழுதினால் குறையும் என்றீர்கள். குறையவில்லை. வரிசையாக நின்றன, அவ்வளவுதான்.

எங்கள் முதலாளி லிங்கசாமி அய்யாவுக்கு ஒரே மகன், ரித்தீஷ். படிப்பை முடித்து வந்து கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறார். மீதி நேரத்தில் பக்கியைப் பார்த்துக்கொள்கிறார். பக்கி என்பது ரிமோட்டில் ஓடும் கார். முழ நீளம்கூட இருக்காது. ஆனால் மேடு பள்ளத்தில் தாவிப் போவதற்கென்றே செய்தது. பெரிய சக்கரம், ஸ்பிரிங், எண்ணெய் ஊற்றிய ஷாக் அப்சார்பர் எல்லாம் நிஜக் காரில் இருப்பதுபோலவே இருக்கும். கம்பெனிக்குப் பின்னால் செம்மண் காலியிடத்தில் அதை ஓட்டிக்கொண்டிருந்தார். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போய்ப் பழைய குடோன் காலியானது. பொருட்காட்சி முடிந்து கழற்றிய கார்ப்பெட்டை வாங்கி உள்ளே விரித்து, துணி சுற்றி வரும் அட்டைக் குழாய்களை ஓரங்களில் அடித்து, ஒரு பந்தயத் தடமே அமைத்துவிட்டார்.

முதல் நாளே பக்கி ஒவ்வொரு வளைவிலும் கவிழ்ந்தது.

"ஏனுங் முனீசு, மண்ணுல நல்லாத்தான ஓடுச்சு? இங்க வந்தாக் குடிகாரனாட்டப் பொரளுது," என்றார் ரித்தீஷ். எங்களிடமும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். லீவு இல்லை என்பதைக்கூட அதே மரியாதையோடுதான் சொல்வார்.

வாசலில் நின்று பார்த்த லிங்கசாமி அய்யா, "டயரு புடிக்கறதில்லையாட்ட இருக்குது. நல்ல டயராப் போடு கண்ணு. பல்லியாட்டப் புடிக்கோணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியே செய்தார்கள். இன்னும் மென்மையான ரப்பரில் டயர் வந்தது. அதன்மேல் பூசி ஊறவைக்க ஒரு தைலம் வந்தது. முன்பு வளைவின் முடிவில் கவிழ்ந்த பக்கி, இப்போது வளைவின் தொடக்கத்திலேயே கவிழ்ந்தது.

எல்லோரும் செய்கிற தவறுதான் அது. ஒன்று கவிழ்ந்தால் அதற்குப் பிடிப்புப் போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கும். அந்த வழுக்கல்தான் வண்டியைக் காப்பாற்றுகிறது. கார்ப்பெட் டயரைக் கவ்விக்கொள்ளும். டயர் நின்றுவிடும், மேலே இருக்கும் உடம்பு நிற்காது, போய்க்கொண்டே இருக்கும். அதனால் சாய்ந்து விழுகிறது. பிடிப்பு அதிகமாக இருக்கும் இடத்தில் பிடிப்பைக் குறைக்கவேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. புரிந்த பிறகு, சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று இன்னொரு வாரம் யோசித்தேன்.

பிறகு ரித்தீஷிடம் கேட்டு, வேலை முடிந்து வகுப்பில்லாத நாட்களில் பக்கியை எடுத்துக்கொண்டேன். நீங்கள் சொல்லிக்கொடுத்ததுபோல ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். செய்து பார்க்கவேண்டும், எழுதவேண்டும், பலன் இல்லாவிட்டால் பழைய நிலைக்கே வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடவேண்டும். வண்டியின் வயிறு தரைக்கு இன்னும் கிட்டே வரும்படி இறக்கினேன். ஷாக்கில் கெட்டியான எண்ணெய் மாற்றினேன். அது நிறமும் மணமும் இல்லாத சிலிக்கான் எண்ணெய். தண்ணீர் என்றே நினைப்பீர்கள், தொட்டால்தான் தெரியும். கடைசியாக ஒன்று செய்தேன், அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. முன் டயர்களின் பக்கவாட்டு விளிம்பில், அறுந்த செருப்பை ஒட்டுவார்களே, சின்ன ட்யூபில் வரும் பசை, அதை மெல்லிய ஒரு கோடாக இழுத்தேன். காய்ந்தால் ரப்பரின் விளிம்பு கல்லாகிவிடும். வண்டி நேராகப் போகும்வரை ஒரு வித்தியாசமும் தெரியாது. சாயும்போதுதான் அந்த விளிம்பு தரையைத் தொடும். தொட்டதும் கவ்வாது, வழுக்கிக்கொண்டு போய்விடும்.

பக்கி கவிழ்வது நின்றது. ரித்தீஷ் என் தோளைத் தட்டி, "நீங்க டாக்டருங் முனீசு," என்றார். என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. உண்மையாகத்தான் சொன்னாரா என்று அன்று நாட்குறிப்பில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் ராஜ்கமலைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ராஜ்கமலும் நானும் கோவில்பட்டிப் பக்கத்து ஊர்க்காரர்கள். ஒரே பஸ்ஸில் திருப்பூர் வந்து இறங்கினோம். மண்ணரைப் பகுதியில் நஞ்சம்மாள் அக்கா வீட்டு மாடியில் ஒரே அறையில் இருக்கிறோம். அவன் எங்கள் கம்பெனியிலேயே துணி வெட்டும் கட்டிங் மேசையில் வேலை பார்த்தான். போகும் இடமெல்லாம் அவனிடம் மனிதர்கள் ஒட்டிக்கொள்வார்கள். டீக்கடையில் இந்திக்காரப் பையன்கள் அவனுக்கு இடம் பிடித்து வைப்பார்கள். நஞ்சம்மாள் அக்கா வாடகைக்கு வந்து நின்றால்கூட அவனிடம் சிரித்துவிட்டுத்தான் என்னிடம் கேட்பார். எனக்கு அவன் ஒருவன்தான். ஊரில் அண்ணன் இருக்கிறான், பேச்சுவார்த்தை இல்லை.

ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட வந்தவன் ரிமோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தான். அன்று நான் ஒரு சோதனைக்காகப் பக்கியை முதல் நாள் இருந்த பழைய நிலைக்கே மாற்றி வைத்திருந்தேன். அதாவது கவிழ்கிற நிலை. ராஜ்கமல் ஓட்டினான். கவிழவில்லை. ரித்தீஷ் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடில?" என்று கேட்டேன்.

"வளைவுக்கு முன்னாடியே கொஞ்சம் விட்டுட்டேன் மாப்ள. பெறகு அதுவே திரும்பிக்கிடும். இதுக்குப் போயா ரெண்டு வாரமா எழுதிக்கிட்டு கெடந்த?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் நல்ல மனதோடுதான் சொன்னான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இல்லாத விஷயங்கள் என்னிடம் குறைவு என்பதால் இதைச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு ராஜ்கமல்தான் ஓட்டினான். ரித்தீஷ் முதலாளி, நான் டாக்டர், அவன் ஓட்டுநர். பெங்களூரில் நடக்கவிருந்த பந்தயத்துக்கு ரித்தீஷ் பெயரும் கொடுத்துவிட்டார். கோவையில் இந்தக் கார்கள் விற்கிற கடை வைத்திருக்கும் குகன் என்பவர் எங்கள் தடத்தைப் பார்க்க வந்தார். ராஜ்கமல் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, "பெங்களூர்ப் பந்தயத்துல கடைசிச் சுத்துக்கு வந்துருங்க தம்பி. வந்தா நேரா நம்ம கடைக்கு வந்துருங்க. ஓட்டிப் பாத்துக் குடுக்கறதுதான் வேலை," என்றார்.

அன்று அறைக்கு வந்து ராஜ்கமல் பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டான். "கட்டிங் மேசையில நின்னு நின்னு என் காலு போச்சுல. இனிமே வெளையாடுறதுக்குச் சம்பளம்," என்றான்.

"கடைசிச் சுத்துக்கு வரலன்னா?"

"வருவேன்லே. உனக்குத்தான் எதுலயும் ஒரு பிடிப்பே இல்ல, அதான் இப்பிடிக் கேக்குத."

அந்த ஒரு சொல்தான் சார். நான் பக்கியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த அதே சொல். அவன் தூங்கிய பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னது சரி, எனக்குப் பிடிப்பு இல்லை. ஆனால் அவனுக்கு? வேலையில் பிடிப்பு, ஆட்களிடம் பிடிப்பு, இப்போது இந்தப் பந்தயத்தில் பிடிப்பு. இவ்வளவு பிடிப்போடு ஒருவன் இந்த வேகத்தில் திரும்பினால் என்ன ஆகும் என்பதைத் திருப்பூரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அவன் கவிழப்போகிறான். கோவையில், யாருமில்லாத இடத்தில் கவிழ்வான். தூக்கி நிறுத்தக்கூட நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். ஒரு நண்பன் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா என்று எழுதினேன். கூடாது என்று கீழே எழுதினேன்.

முதலில் மிகச் சிறிய மாற்றம். அவன் அம்மா வெள்ளையம்மாள் அத்தைக்குப் போன் செய்து, ராஜ்கமல் நல்ல வேலையை விட்டுவிட்டு விளையாடப் போவதாகச் சொன்னேன்.

"எய்யா முனீசு, நீ சொன்னாக் கேப்பானேய்யா," என்று அழுதார். அன்று சாயங்காலம் அவனிடமும் அழுதிருக்கிறார். அவன் போனிலேயே ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்து, கடைசியில் அத்தை சாமிக்கு முடி காணிக்கை நேர்ந்துகொண்டார், மகன் ஜெயிக்கவேண்டும் என்று. பலன் இல்லை. அதனால் முறைப்படி மறுநாளே அத்தைக்குப் போன் செய்து, நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன், நல்ல வேலைதான் என்று சொல்லிப் பழைய நிலைக்கே வைத்துவிட்டேன்.

அடுத்து ரித்தீஷிடம், கட்டிங் கத்தியைப் பிடித்துப் பிடித்து ராஜ்கமலின் கட்டை விரல் மரத்துப்போகிறது, பந்தயத்துக்கு வேறு ஆள் பார்ப்பது நல்லது என்று சொன்னேன்.

"அப்படீங்களா? நல்லவேளை சொன்னீங்க," என்றார் ரித்தீஷ். அன்றே ராஜ்கமலைக் கட்டிங்கிலிருந்து எடுத்து, பந்தயம் முடியும்வரை பக்கியை மட்டும் ஓட்டச் சொல்லிவிட்டார், சம்பளத்தோடு. ராஜ்கமல் எனக்கு பரோட்டா வாங்கிக் கொடுத்தான். "நீதான் சொன்னியாமே. ஒன்னப் போல ஒருத்தன் வேணும்லே எல்லாருக்கும்," என்றான்.

மூன்றாவது மாற்றம் எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அது என் சொந்த வேலைக்கு எதிரானது. பக்கியைக் கெடுத்தேன். உயரத்தை ஏற்றி, ஷாக்கில் நீர்த்த எண்ணெயை ஊற்றி, பசைக்கோடு இல்லாத புது டயரைப் போட்டு, தைலத்தையும் பூசினேன். எப்படி ஓட்டினாலும் கவிழவேண்டும். பந்தயத்துக்கு முன்னால் நன்றாக நாலு முறை கவிழ்ந்தால் அவனாகவே புரிந்துகொள்வான் என்று நினைத்தேன்.

அவன் தடத்தின் ஓரத்தில் இருந்த ஓட்டுநர் மேடையில் ஏறி நின்று ஓட்டினான். முதல் வளைவில் பக்கி இரண்டு சக்கரத்தில் நின்றது. அப்படியே இரண்டு சக்கரத்தில் வளைவைக் கடந்து, மறுபடி நாலு சக்கரத்தில் இறங்கிப் போனது. அடுத்த வளைவில் வேண்டுமென்றே அதைச் செய்து காட்டினான்.

"இன்னைக்குத் துள்ளுது மாப்ள," என்று மேலிருந்து கத்தினான். "என்ன பண்ணுன? சூப்பரா இருக்கு. இப்பிடியே விட்டுரு."

என் ஆய்வு என்ன ஆனது பாருங்கள். நான் நன்றாக அமைத்தாலும் அவன் ஓட்டுகிறான், கெடுத்தாலும் ஓட்டுகிறான். அப்படியானால் நான் செய்த மாற்றங்களுக்கு என்ன அர்த்தம்? அன்று இரவு நாட்குறிப்பில் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு அவன்மேல் கோபம் வந்தது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அதைச் சோதித்துப் பார்த்தேன். கோபம் இல்லை. பிரச்சினையை நான் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் தெளிவாகியது. பிடிப்பு வண்டியில் இல்லை. ஆளிடம் இருந்தது.

ஓட்டுபவர் உயரத்தில் நின்றால்தான் முழுத் தடமும் தெரியும். அதற்காகத் துணி அடுக்கும் பழைய இரும்பு ரேக்கை வெட்டி, ஆள் உயரத்துக்கு ஒரு மேடை செய்திருந்தார் ரித்தீஷ். ஏறி இறங்க இரும்புப் படிகள். ராஜ்கமல் படியைப் பார்த்து இறங்கமாட்டான். கண் பக்கியின் மேலேயே இருக்கும். ஓடி இறங்கி, பக்கியைத் தூக்கிக்கொண்டு சக்கரத்தில் முத்தம் கொடுப்பான். பெங்களூர் கிளம்புவதற்கு முந்தின நாள், அவன் டீ குடிக்கப் போயிருந்தபோது, ஷாக்கில் ஊற்றுகிற கெட்டி எண்ணெயை மேல் படியில் ஊற்றி, கட்டிங் வேஸ்ட் துணியை எடுத்துச் சீராகத் தேய்த்துப் பரப்பினேன். கறையைப் பார்ப்பவனுக்கு, கறை தெரியாமல் பரப்பவும் தெரியும்.

பிறகு ஒரு யோசனை வந்தது. பின்னால் வந்து ஆராய்பவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கவேண்டும், இல்லாவிட்டால் தேடிக்கொண்டே இருப்பார்கள். அதனால் எண்ணெய் பாட்டிலை மூடியைத் தளர்த்தி மேடையின் ஓரத்தில் சாய்த்து வைத்தேன். வகுப்பில் நீங்கள் நடத்திய பாடத்தின் பயன்தான் அது.

ஏறும்போது அவன் மேல் படியைத் தாண்டிக் கால் வைத்துவிட்டான். நீளக் காலன். முழு ஓட்டமும் ஓட்டினான். இதுவரை அந்தத் தடத்தில் யாரும் ஓட்டாத வேகம் என்று ரித்தீஷ் கை தட்டினார். நானும் தட்டினேன். அவன் இறங்கினான்.

விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. தொடை எலும்பு, இடது கணுக்கால். ரேக்கின் முனையில் இடித்ததால் அப்படி. அவனை ரித்தீஷின் காரில் தூக்கிப் போட்டோம். தலை என் மடியில் இருந்தது. வலியில் உதடு வெளுத்துப்போயிருந்தும் என்னைத்தான் சமாதானப்படுத்தினான்.

"ஒன் எண்ணெ பாட்டுல்தான் சாஞ்சிருந்துச்சாமே. அதுக்கு என்னல? நீயா வேணும்னு ஊத்துன? அழாத."

நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மறுநாள் ரித்தீஷ் தானே பெங்களூர் போய், நான் எழுதிக் கொடுத்த அமைப்பைப் பாதி கேட்டு, பாதி கேட்காமல், முதல் சுற்றிலேயே இரண்டு முறை கவிழ்ந்துவிட்டு வந்தார். விபத்துக்கு ஒரு காரண ஆய்வு வேண்டுமென்று எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் கேட்டார்கள். குடோனும் அவர்கள் கணக்கில் தொழிற்சாலைதான். "முனீசு, நீங்கதான் இதுக்குப் படிக்கறீங்களே," என்று ரித்தீஷ் அதை என்னிடமே கொடுத்தார். எப்படி எழுதினேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் விழுந்தான், படி வழுக்கியது. ஏன் வழுக்கியது, எண்ணெய். எண்ணெய் ஏன் அங்கே, பாட்டில் சாய்ந்தது. பாட்டில் ஏன் மேடையில், எண்ணெய்க்கென்று தனி இடம் இல்லை. அங்கே நிறுத்திவிட்டேன். இப்போது எண்ணெய்களுக்கு ஒரு தட்டு இருக்கிறது. மேடைப் படிகளில் மீதமிருந்த கார்ப்பெட்டை வெட்டி ஒட்டியிருக்கிறோம். இனி யாரும் அங்கே வழுக்கமாட்டார்கள்.

ராஜ்கமலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வெள்ளையம்மாள் அத்தை வந்து இருந்தார். ஊரில் மாடு, வீடு என்று அவருக்கும் நிற்க முடியவில்லை. "நீ இருக்கங்குற தைரியத்துலதான்யா போறேன்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். காலையில் அவனுக்குப் பல் தேய்க்கத் தண்ணீர், உடம்பு துடைப்பது, ரசம் சோறு, மாத்திரை எல்லாம் முடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். வகுப்பு முடிந்ததும் நேராக அறைக்குத்தான். டீக்கடைக் கூட்டம் முதலில் தினம் வந்தது. அவனுக்கு ஓய்வு வேண்டுமென்று சொன்னேன், வருவது குறைந்தது. அவன் போன் அடிக்கடி அடித்துத் தூக்கத்தைக் கெடுத்ததால் அதை நான் வைத்துக்கொண்டேன். சாயங்காலங்களில் நாங்கள் இரண்டு பேரும் சன்னல் பக்கம் உட்கார்ந்திருப்போம். நான் நாட்குறிப்பு எழுதுவேன். இப்போதெல்லாம் அவன் கேலி செய்வதில்லை.

"கூடப் பொறந்தவங்ககூட இப்படிப் பாக்கமாட்டாங்க சாமி," என்பார் நஞ்சம்மாள் அக்கா. தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

உண்மையைச் சொன்னால், திருப்பூர் வந்ததிலிருந்து நான் இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை. அவனும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். கேட்டுப் பார்க்கவில்லை.

காலைத் தூக்கி இறக்கும் பயிற்சியைத் தினம் மூன்று வேளை செய்யச் சொல்லியிருந்தார் ஆஸ்பத்திரிப் பெண். அவசரப்பட்டு நடந்து விழுந்துவிடக் கூடாதே என்று, ஒரு வேளை போதும் என்று அவனிடம் சொன்னேன். அப்படியும் எலும்பு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கூடிவிட்டது. நான் வேலைக்குப் போன பிறகு நாள் முழுக்கச் செய்திருக்கிறான். நஞ்சம்மாள் அக்காவின் போனை வாங்கிக் குகனிடமும் பேசியிருக்கிறான்.

நேற்றுத்தான் சொன்னான். "குகன் அண்ணன் என்ன சொல்லுதாரு தெரியுமா? ஓட்டுறதுக்குக் கைதான தம்பி வேணும், காலு எதுக்குங்குறாரு. ஸ்டூல் போட்டுத் தாரேன், வந்துருங்கன்னுட்டாரு." அவன் இப்படிச் சிரித்துப் பார்த்துப் பல மாதம் ஆகிவிட்டது. "ஒனக்கும் சேத்துத்தான் கேட்டுருக்கேன்லே. வண்டி செட் பண்ண ஆளு வேணும்னாரு. மொத நான் போறேன். ஒரு மாசத்துல நீ வந்துரு."

ஒரு மாதம் என்று எழுதிக்கொண்டேன். பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.

நாளைக் காலையில் அவன் கிளம்புகிறான். ரித்தீஷ் கார் அனுப்புகிறேன் என்றதற்கு வேண்டாம், பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றுவிட்டான். மாடிப்படியை யாரும் பிடிக்காமல் தானே இறங்கிக் காட்டவேண்டுமாம். இன்று அறைக்குள்ளேயே ஊன்றுகோலோடு நடந்து பார்த்தான். நன்றாக நடக்கிறான். நேராக நடக்கும்போது ஊன்றுகோல் நேராக நிற்கிறது. படி இறங்கும்போதுதான் சாய்வாக ஊன்றவேண்டும். அப்போது அடியில் இருக்கும் ரப்பரின் விளிம்புதான் தரையைத் தொடும்.

என் கடைசி ஏன் இதுதான் சார். எண்ணெய் ஏன் படிக்கு வந்தது? நான் ஊற்றினேன். ஏன் ஊற்றினேன்? அவனுக்குப் பிடிப்பு அதிகம், விட்டால் கவிழ்ந்துவிடுவான். இதற்கும் கீழே இன்னொரு ஏன் இருக்கிறதா என்று இரண்டு நாளாகத் தேடிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது அவன் அசந்து தூங்குகிறான். ஊன்றுகோல் என் மடியில் இருக்கிறது. ரப்பரின் விளிம்பைச் சுற்றி இழுத்த பசைக்கோடு காய்ந்துவிட்டதா என்று நகத்தால் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துவிட்டது. இந்த ஒரு மாற்றம்தான் செய்திருக்கிறேன், வேறு எதையும் தொடவில்லை.